கல்லீரலுக்கு யார் சொன்னது, இன்சுலின் செய்யாதே என்று?

கொருக்குப்பேட்டை டியூஷன் | ஞாயிறு இரவு 9.40

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். மொட்டை மாடியில் ஷீட் போட்ட இடம், ஒன்பது பேர், ஒரே ஃபேன். ரயில்வே கேட் மூடிவிட்டால் பாதிப் பேர் இருபது நிமிடம் கழித்துத்தான் வருவார்கள், அதனால் எந்தப் பாடமானாலும் முதல் பக்கத்தை இரண்டு தடவை நடத்துவது வழக்கமாகிவிட்டது. நேற்று மரபணு வெளிப்பாட்டை ஒழுங்குபடுத்துதல். முதல் தடவை நன்றாகத்தான் போனது, இரண்டாவது தடவையில் ஒரு பையன் என்னை மாட்டிவிட்டான்.

அவன் கேட்டது இதுதான். எல்லா செல்லிலும் ஒரே டி.என்.ஏ. இருக்கிறது, கணையத்தில் இன்சுலின் ஜீன் வேலை செய்கிறது, கல்லீரலில் செய்யவில்லை, அப்படியென்றால் எது ஓடணும் எது ஓடக்கூடாது என்று சொல்வது யார்? ஒழுங்குபடுத்தும் புரதங்கள் என்றேன். அந்தப் புரதத்தைச் செய்தது யார் என்றான். வேறொரு ஜீன். அந்த ஜீனை ஆன் செய்தது? இன்னொரு புரதம். அப்போ அதை? மூன்றாவது சுற்றில் வகுப்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டது, நானும் சிரித்துச் சமாளித்தேன். பையன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அப்பா ஈ.பி.யில் லைன்மேன். "எங்க தெருவுக்கு கரண்ட் சப்ஸ்டேஷனிலிருந்து வருது, சப்ஸ்டேஷனுக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலிருந்து வருது, அங்கே முதலில் யாராவது ஸ்டார்ட் பண்ணியிருக்கணும் இல்லையா டீச்சர்?" என்றான்.

பாடப்புத்தகத்தில் லாக் ஓபரான் படம் (லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை வந்தால் பாக்டீரியாவில் சேர்ந்து ஆன் ஆகும் ஜீன் வரிசை) இருக்கிறது, ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அடுத்த வகுப்பு புதன்கிழமை. தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள், மதிப்பெண்ணுக்காக இல்லை, எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும்.

பைபெட் பிடித்த கை | ஞாயிறு இரவு 10.25

டீச்சர், அந்தப் பையனை விட்டுவிடாதீர்கள். நான் பி.எச்டி. சேர்ந்து இரண்டு வருடம் கழித்துத்தான் இந்தக் கேள்வி எனக்கு உறைத்தது.

நேரடியாகச் சொல்கிறேன். அந்தச் சங்கிலி நமக்குள் எங்கேயும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கவே இல்லை. வெறும் டி.என்.ஏ. மட்டும் தனியாக உட்கார்ந்துகொண்டு யாராவது வந்து சுவிட்ச் போடுவார்களா என்று காத்திருந்த நேரம் ஒன்று நம் வாழ்க்கையில் கிடையாது. நாம் ஒரே ஒரு செல்லாக இருந்தபோதே அந்தச் செல் ஓடிக்கொண்டிருந்த செல். அம்மாவின் கருமுட்டை சுமார் 0.1 மில்லிமீட்டர், கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஒரு புள்ளியாகவே தெரியும், நம் உடம்பில் உருண்டையான செல்களில் அதுதான் பெரிசு. ஏன் அவ்வளவு பெரிசு? உள்ளே சாமான் நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். புரதங்கள், ஆர்.என்.ஏ. (ஜீனிலிருந்து எடுத்த நகல்), ரைபோசோம் (அந்த நகலைப் பார்த்துப் புரதம் செய்யும் மெஷின்) எல்லாம் அம்மாவின் ஜீன்களிலிருந்து முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்தது. கருவுற்ற பிறகு முதல் இரண்டு மூன்று நாள் கருவின் சொந்த ஜீன்கள் ஏறக்குறைய சும்மா இருக்கின்றன. மனிதக் கருவில் நான்கிலிருந்து எட்டு செல் ஆகும் கட்டத்தில்தான் அவை முழுசாக விழித்துக்கொள்கின்றன. அதுவரை ஓடுவது அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டில்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் பழ ஈ. வாழைப்பழத்தை இரண்டு நாள் விட்டால் மொய்க்குமே, அதேதான். தாய் ஈ தன் முட்டையின் ஒரு முனையில் மட்டும் பைகாயிட் என்ற ஜீனின் ஆர்.என்.ஏ.வை ஒட்டி வைத்துவிடுகிறது. அதிலிருந்து வரும் புரதம் அந்த முனையில் அதிகமாகவும் தள்ளிப்போகப்போகக் குறைவாகவும் பரவுகிறது, அதிகம் இருக்கும் பக்கத்தில் தலைக்கான ஜீன்கள் ஆன் ஆகின்றன. தாயிடம் அந்த ஜீன் கெட்டுப்போயிருந்தால் குஞ்சுப் புழுவுக்குத் தலையும் மார்பும் வராது, அப்பாவிடமிருந்து நல்ல பிரதி வந்திருந்தாலும் வராது! ஏனென்றால் சாமான் ஏற்ற வேண்டிய நேரத்தில் ஏற்றவில்லை, சொந்த ஜீன் விழிப்பதற்குள் பஸ் போய்விட்டது. இந்த ஆராய்ச்சிக்காக கிறிஸ்டியான நுஸ்லைன்-ஃபோல்ஹார்டுக்கும் எரிக் வீஷாஸுக்கும் 1995-இல் நோபல் கொடுத்தார்கள், அவர்களோடு எட்வர்ட் லூயிஸுக்கும்.

முதலில் இந்த ஒரு சின்ன ஏற்றத்தாழ்வு போதும். பிறகு பக்கத்துச் செல் பக்கத்துச் செல்லுக்குச் சிக்னல் கொடுக்கும், ஒன்றிலிருந்து இரண்டு வகை, இரண்டிலிருந்து நாலு வகை என்று பிரிந்துகொண்டே போகும். கணையம் உருவாகும் இடத்தில் பி.டி.எக்ஸ். 1 என்ற புரதம் எழுகிறது, பிற்பாடு இன்சுலின் ஜீனின் முன்பக்கத்தில் போய் உட்காருவதும் அதேதான். கல்லீரல் செல் வேறு கிளையில் போய்விட்டது, அதனிடம் பி.டி.எக்ஸ். 1 இல்லை. யாரும் அதனிடம் "செய்யாதே" என்று சொல்லவில்லை, செய் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் புத்தகத்தில் இருக்கும் லாக் ஓபரானிலும் இந்தப் பையனின் கேள்வி ஒளிந்திருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் லாக்டோஸ் வந்தால் ஜீன்களை அடக்கி வைத்திருக்கும் ரெப்ரஸர் புரதம் விலகும், ஜீன்கள் ஓடும் என்று படிக்கிறோம். சரி. ஆனால் லாக்டோஸ் உள்ளே வருவதற்கே பெர்மியேஸ் என்ற வாசல் புரதம் வேண்டும், அந்த வாசல் அதே ஓபரானில் இருக்கிறது. ரெப்ரஸரில் போய் ஒட்டுவதும் லாக்டோஸ் இல்லை, அதிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோஸ், அதைச் செய்யும் நொதியும் அதே ஓபரானில்தான். பூட்டைத் திறக்கும் சாவி பீரோவுக்குள்ளே! எப்படித் திறக்கிறது என்றால், பூட்டு கொஞ்சம் லூசு. ரெப்ரஸர் டி.என்.ஏ.வை இறுக்கிப் பிடித்திருந்தாலும் அவ்வப்போது கை நழுவும், அந்த இடைவெளியில் ஒன்றிரண்டு ஆர்.என்.ஏ. உருவாகிவிடும், அதனால் எந்த நேரத்திலும் செல்லுக்குள் ஒரு சில பெர்மியேஸும் ஒரு சில நொதியும் இருந்துகொண்டே இருக்கும். லாக்டோஸ் வந்ததும் அந்தச் சொட்டே வெள்ளமாகி ஆயிரம் மடங்கு ஏறுகிறது. ஜேக்கபும் மோனோவும் பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் 1961-இல் இந்த மாதிரியை வெளியிட்டார்கள், நோபல் 1965.

ஆஃப் என்றால் முழு ஆஃப் இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். தெருக்குழாயைத் திருகி மூடினாலும் சொட்டுமே, அந்த மாதிரி.

கொருக்குப்பேட்டை டியூஷன் | ஞாயிறு இரவு 10.58

"பூட்டு கொஞ்சம் லூசு"... இதைப் பதினோரு வருடமாக நடத்துகிறேன், ஒருநாளும் தோன்றியதில்லை. நன்றி.

அடுத்த சந்தேகம் என்னுடையது. ஆரம்பத்தில் சிக்னல் வந்து கல்லீரல் ஆனது சரி. இப்போது அந்தச் சிக்னல் இல்லையே, ஐம்பது வயதிலும் கல்லீரல் செல் பிரிந்தால் கல்லீரல் செல்தானே வருகிறது? எங்கே எழுதி வைத்திருக்கிறது? வேண்டாத ஜீன்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறதா?

யார்டு சூப்பர்வைசர் | திங்கள் காலை 6.15

நான் அறிவியல்காரன் இல்லை. மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை, நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு உட்கார்ந்து இதைப் படிக்கிறேன். என் பெண் பி.எஸ்ஸி. பயோடெக் படித்தபோது அவளுக்கு இந்தப் பாடம் புரியவில்லை என்று அழுதாள், நான் எங்கள் யார்டை வைத்துச் சொன்னேன், அப்புறம் அவளே எனக்குத் திருப்பிச் சொல்லிக் கொடுத்தாள்.

எங்களிடம் பெட்டி ஐந்தடுக்கு வரை ஏற்றியிருக்கும். எல்லாப் பெட்டியும் யார்டுக்குள்தான் இருக்கிறது, எதுவும் தொலையவில்லை. ஆனால் மேல் அடுக்கில் இருப்பதை ரீச் ஸ்டாக்கர் ஒரே தூக்கில் எடுத்து டிரெய்லரில் வைத்துவிடும், ஓரத்தில் அடி அடுக்கில் மாட்டிக்கொண்டதை எடுக்க நாலு பெட்டியை நகர்த்தணும். அதற்கு டீசல், நேரம், ஆள். அதனால் அடுத்த வாரம் கேட்கப்போகும் பெட்டியை நாங்கள் முன்னாடியே மேலே வைப்போம், கோர்ட்டில் கேஸ் நடக்கிற பெட்டியை உள்ளே தள்ளி அடியில் போட்டு கஸ்டம்ஸ் சீல் வைத்துவிடுவார்கள். வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், செடிகூட முளைத்திருக்கிறது.

ஒரு செல்லில் டி.என்.ஏ.வை இழுத்துப் பிடித்தால் சுமார் இரண்டு மீட்டர் வருமாம், அதை அடைக்கும் நியூக்ளியஸ் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காதாம். அப்போ அடுக்காமல் முடியுமா? ஹிஸ்டோன் என்று எட்டுப் புரதம் சேர்ந்த உருளை, அதன்மேல் 147 எழுத்து டி.என்.ஏ. ஒன்றேமுக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும், இந்த மாதிரி கோடிக்கணக்கில். ஹிஸ்டோனின் வாலில் அசிட்டைல் என்ற சின்ன வேதிக் குறி ஒட்டினால் பிடி தளர்ந்து அந்த இடம் திறக்கும், அது எங்களுக்கு மேல் அடுக்கு. டி.என்.ஏ.யிலேயே மெத்தைல் என்ற இன்னொரு குறி ஒட்டினால் சீல் விழுந்த மாதிரி. கல்லீரலில் இன்சுலின் ஜீன் இருக்கிறது டீச்சர், அடி அடுக்கில் இருக்கிறது.

செல் பிரியும்போது சீல் என்னாகும் என்று நானும் கேட்டேன். டி.என்.ஏ. இரண்டாகும்போது பழைய இழையில் எங்கே மெத்தைல் இருக்கிறதோ அதைப் பார்த்துப் புது இழையிலும் அதே இடத்தில் ஒட்டுவதற்கென்றே தனி நொதி இருக்கிறதாம். ஷிஃப்ட் மாறும்போது ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிற மாதிரி. தப்பாகச் சொல்லியிருந்தால் மேலே சொன்ன பைபெட் சார் திருத்தலாம்.

பைபெட் பிடித்த கை | திங்கள் காலை 9.05

சார் இல்லை அண்ணே, நான் பெண். திருத்த ஒன்றும் இல்லை, என் கைடு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சீல் போக இன்னொரு ஞாபகமும் இருக்கிறது, தன்னைத் தானே ஆன் செய்துகொள்ளும் புரதங்கள். தசையில் மையோ-டி என்று ஒன்று. 1987-இல் அந்த ஒரு ஜீனை மட்டும் எலியின் இணைப்புத்திசு செல்லுக்குள் போட்டார்கள், அது தசை செல்லாக மாற ஆரம்பித்தது. மையோ-டி தசை ஜீன்களை எழுப்புவதோடு தன் சொந்த ஜீனையும் எழுப்புகிறது. ஒருமுறை பற்றிவிட்டால் வெளியிலிருந்து தீக்குச்சி வேண்டாம்.

தூக்கிப் போடுகிறதா என்பதற்கு: இல்லை. ஜான் கர்டன் 1962-இல் தவளையின் தலைப்பிரட்டைக் குடல் செல்லிலிருந்து நியூக்ளியஸை எடுத்து, நியூக்ளியஸ் அழிக்கப்பட்ட முட்டைக்குள் வைத்தார், தலைப்பிரட்டைகள் வந்தன. குடலுக்குள் முழுத் தவளையின் கணக்கும் இருந்திருக்கிறது. முட்டைக்குள் இருந்த அம்மாவின் சாமான்தான் அடுக்கைக் கலைத்து மறுபடி முதலிலிருந்து அடுக்கியது. யமனகா 2006-இல் எலியின் செல்லில் நாலே நாலு ஜீனைப் போட்டு ஏறக்குறைய இதையே சாதித்தார். 2012 நோபல் இரண்டு பேருக்கும்.

நுணுக்கி | திங்கள் காலை 9.40

"எல்லா செல்லிலும் ஒரே டி.என்.ஏ." என்பதைத் திருத்திச் சொல்லுங்கள். சிவப்பணுவில் நியூக்ளியஸே கிடையாது. ஆன்டிபாடி செய்யும் பி செல்கள் தங்கள் டி.என்.ஏ.வை உண்மையிலேயே வெட்டி ஒட்டிக்கொள்கின்றன, டோனெகாவாவுக்கு 1987-இல் நோபல் அதற்குத்தான். "ஏறக்குறைய எல்லா செல்லிலும்" என்று எழுதினால் பிரச்சினை இல்லை.

ரத்தப் பரிசோதனை அக்கா | திங்கள் மதியம் 1.20

வண்ணாரப்பேட்டையில் ஒரு லேபில் இருக்கிறேன், சாப்பாட்டு நேரத்தில் டைப் பண்ணுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

இந்த ஆன் ஆஃப் எல்லாம் நான் தினம் பேப்பரில் பார்க்கிறேன். ஹீமோகுளோபின் எந்த வகை என்று பிரித்துக் காட்டும் மெஷின் இருக்கிறது, ரிப்போர்ட்டில் மலை மலையாக கிராஃப் வரும். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைப் போட்டால் எஃப் என்ற மலை மட்டும் உயரமாக எழும், பாதிக்கு மேல் அதுதான். பெரியவர்கள் ரத்தத்தைப் போட்டால் அதே இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு, ஒரு சதவீதத்தைச் சுற்றி, அதற்குப் பதிலாக ஏ மலை. வயிற்றில் இருக்கும்போது அம்மாவின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுக்க எஃப் வேண்டும், வெளியே வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எஃப்-க்கு வேண்டிய காமா ஜீனை அடக்கிவிட்டு ஏ-க்கு வேண்டிய பீட்டா ஜீனுக்கு மாறிவிடும், ஆறு மாதத்தில் மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

பீட்டா தலசீமியா மேஜர் குழந்தைகள் பிறக்கும்போது நன்றாக இருப்பார்கள். கெட்டுப்போனது பீட்டா, அது இன்னும் களத்துக்கே வரவில்லை. ஆறு மாதம் தாண்டி வெளுத்துப்போய்ப் பால் குடிக்காமல் சோர்ந்து தூக்கிக்கொண்டு வருவார்கள், அப்போதுதான் தெரியும். எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆதங்கம், அந்தப் பழைய காமா ஜீன் உள்ளேதானே சும்மா கிடக்கிறது, அதை எழுப்பக் கூடாதா என்று. எழுப்பிவிட்டார்கள்! காமாவை அடக்கி வைப்பது பி.சி.எல். 11 ஏ என்ற புரதம். ரத்த ஸ்டெம் செல்லை (ரத்த செல்களை உருவாக்கும் மூல செல்) வெளியே எடுத்து, அந்தப் புரதத்தின் ஜீனை ரத்த செல்லில் தூண்டிவிடும் துண்டை மட்டும் வெட்டிக் கெடுத்து உடம்புக்குள் திருப்பி விடுகிறார்கள். அடக்குபவர் போனார், காமா எழுந்தது. காஸ்கெவி என்ற பெயரில் 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி கொடுத்தது, தலசீமியாவுக்கு அமெரிக்கா 2024 ஜனவரியில் கொடுத்தது. அமெரிக்காவில் அப்போது வைத்த விலை 22 லட்சம் டாலர். ரூபாயில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

டீச்சர், பீட்டாவைத் தொடவே இல்லை என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கெட்ட ஜீன் கெட்டபடியே இருக்கிறது, பக்கத்தில் தூங்கியதை எழுப்பினார்கள், அவ்வளவே.

நல்லதே நடக்கும் | திங்கள் மாலை 7.10

அருமையான பதிவுகள். இதைத்தான் பெரம்பூரில் ஒரு ஹாலில் நடந்த பயிற்சி முகாமிலும் சொன்னார்கள், நம் எண்ணங்களே ஜீன்களை மாற்றுகின்றன, 21 நாள் நேர்மறையாக நினைத்தால் சர்க்கரை நோய் ஜீனே ஆஃப் ஆகிவிடும், இது எபிஜெனெடிக்ஸ் (டி.என்.ஏ. எழுத்து மாறாமலே ஜீன் ஆன் ஆஃப் ஆவது) என்று. 1,500 ரூபாய் கட்டினேன். மாத்திரையை நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பைபெட் பிடித்த கை | திங்கள் மாலை 7.22

ஐயா, மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்கள் டாக்டரிடம் பேசாமல் ஒரு வேளைகூட.

அவர்கள் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதனால்தான் மாட்டிக்கொள்கிறோம். சூழ்நிலை ஜீன்களின் வேகத்தை மாற்றுவது உண்மை. நீங்கள் இட்லி சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் இன்சுலின் ஏறிக் கல்லீரலில் சர்க்கரை செய்யும் ஜீன்கள் இறங்குகின்றன, நடந்தால் தசையில் சில ஏறுகின்றன. மன அழுத்தத்தில் வரும் கார்டிசால்கூட செல்லுக்குள் போய், தன் ஏற்பிப் புரதத்தோடு சேர்ந்து நேராக டி.என்.ஏ.வில் உட்காரும். ஆனால் இன்ன ஜீன் வேண்டும், இன்ன ஜீன் வேண்டாம் என்று உட்கார்ந்து நினைத்துப் பொறுக்கி எடுக்க நமக்கு வழியே இல்லை. சர்க்கரை நோய்க்கு "ஒரு ஜீன்" என்றும் கிடையாது, இரண்டாம் வகையில் நூற்றுக்கணக்கான இடங்கள் கொஞ்சம் கொஞ்சம் பங்கு போடுகின்றன. இந்தக் கூட்டங்களில் வழக்கமாக ஹாலந்துப் பஞ்சத்தையும் இழுப்பார்கள். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் கருவானவர்களுக்கு அறுபது வருடம் கழித்தும் ஐ.ஜி.எஃப். 2 என்ற ஜீன் பக்கம் மெத்தைல் கொஞ்சம் குறைவாக இருந்தது, அது நிஜம். அது வயிற்றில் இருந்தபோது மாதக்கணக்கில் பட்ட பட்டினி. 21 நாள் வகுப்பு இல்லை.

1,500 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன், கொடுக்க மாட்டார்கள்.

நல்லதே நடக்கும் | திங்கள் மாலை 7.45

சரிம்மா. வரும் சனிக்கிழமை டாக்டரிடம் போகிறேன்.

காசிமேடு காலை 4 மணி | திங்கள் இரவு 8.30

கல்லீரல், கணையம் எல்லாம் சரி, எங்கள் ஏலத்தில் வரும் கொடுவாவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. எங்கள் அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் தெரியாது, ஆனால் "சின்னக் கொடுவாவில் சினை தேடாதே, பெரிசில்தான் இருக்கும்" என்பார்கள். காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. கொடுவா ஆணாகத்தான் பருவத்துக்கு வருகிறது, சில வருடம் ஆணாக இருந்துவிட்டுப் பெரிசானதும் பெண்ணாக மாறிவிடுகிறது! அதே மீன், அதே டி.என்.ஏ. விந்துப்பைக்கான ஜீன்கள் அடங்கி, ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் அரோமடேஸ் நொதியின் ஜீன் ஏறுகிறது. பெரிய உடம்பில் நிறைய முட்டை தாங்கும் என்பதால் அதற்கு லாபம்.

பங்குனி ஆமையும் இப்படித்தான் ஒரு கூத்து. ஆணா பெண்ணா என்று தீர்மானிக்க அதற்குத் தனி குரோமோசோமே கிடையாது, மணல் சூடாக இருந்தால் பெண், குளிர்ச்சியாக இருந்தால் ஆண். ராத்திரி கடற்கரையில் முட்டை பொறுக்கி வேலிக்குள் புதைக்கும் தன்னார்வலர் பையன் ஒருவன் சொன்னான், குழியின் சூட்டை அளந்துகொண்டே இருப்பார்களாம்.

பைபெட் பிடித்த கை | திங்கள் இரவு 8.52

யார்டு அண்ணனுக்கு இது பிடிக்கும். சிவப்புக்காது ஆமை என்று வேறொரு இனத்தில் 2018-இல் இதற்கு விடை கண்டார்கள். குளிர்ந்த முட்டையில் ஒரு நொதி ஏறுகிறது, அது ஆண் ஜீன் மேல் இருக்கும் ஹிஸ்டோனிலிருந்து மெத்தைலைப் பிய்த்து எடுக்கிறது, ஜீன் திறக்கிறது. அதாவது சீலை உடைக்கும் ஆள், குளிரில் மட்டும் வேலைக்கு வருகிறார்.

யார்டு சூப்பர்வைசர் | செவ்வாய் காலை 6.40

எங்கள் யார்டில் அந்த ஆள் மார்ச் க்ளோசிங்கில் மட்டும் வருவார்.

மூன்று கலர் பூனை | செவ்வாய் காலை 10.15

டீச்சர், வகுப்புக்கு உயிரோடு ஒரு உதாரணம் வேண்டுமா? மீன் கடை வாசலில் கருப்பும் ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த பூனை நிற்கும், பார்த்திருப்பீர்கள். அது ஏறக்குறைய எப்போதும் பெண்தான். ஆரஞ்சு நிறத்துக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். கரு சின்னதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒரு எக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு சுருட்டி மூடிவிடுகிறது, அதன் வாரிசு செல்கள் எல்லாம் அதே எக்ஸைத்தான் மூடி வைக்கும். இந்தத் திட்டு கருப்பு, அந்தத் திட்டு ஆரஞ்சு (வெள்ளை வேறு கதை, அங்கே நிறமி செல்லே வந்து சேரவில்லை). மேரி லயன் 1961-இல் எலியின் ரோமத்தை வைத்துச் சொன்னார். நீங்கள் கேட்டீர்களே, ஞாபகம் எங்கே எழுதியிருக்கிறது என்று, பூனையின் முதுகில் எழுதியிருக்கிறது.

2001 டிசம்பரில் டெக்சாஸில் ஒரு மூன்று கலர் பூனையை குளோன் செய்தார்கள். குட்டி பிறந்தது, ஆரஞ்சே இல்லை. எடுத்த செல்லில் ஆரஞ்சு பக்கத்து எக்ஸ் ஏற்கெனவே மூடியிருந்தது.

ஓய்வு பெற்ற ஷிஃப்ட் இன்ஜினியர் | செவ்வாய் இரவு 9.00

உயிரியல் எனக்குத் தெரியாது. அந்த லைன்மேன் மகனுக்காக எழுதுகிறேன். அனல்மின் நிலையத்தில் முப்பது வருடம் இருந்தவன்.

தம்பி கேட்டது சரியான கேள்வி. நிலையம் நின்றுபோனால் தானாக எழ முடியாது. நிலக்கரியை அரைக்கும் மில், கொதிகலனுக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப், காற்று ஊதும் ராட்சத ஃபேன் எல்லாம் கரண்டில்தான் ஓடும். கரண்ட் செய்யவே கரண்ட் வேண்டும். அதை கிரிட்டிலிருந்து, அதாவது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு நிலையத்திலிருந்து வாங்குவோம். மொத்த கிரிட்டும் இருண்டுவிட்டால் நீர்மின் நிலையத்தை முதலில் எழுப்புவார்கள், அதற்கு ஒரு சின்ன டீசல் ஜெனரேட்டர் போதும், அங்கிருந்து லைனை ஒவ்வொன்றாகச் சார்ஜ் செய்துகொண்டு வருவார்கள். மேலே அந்தப் பெண் சொன்ன "சொட்டு" எனக்கு அந்த டீசல் செட் மாதிரித்தான் தெரிகிறது.

கொருக்குப்பேட்டை டியூஷன் | புதன் இரவு 9.55

வகுப்பு முடிந்தது. இன்ஜினியர் ஐயா எழுதியதை அப்படியே ஃபோனில் காட்டினேன், பையன் இரண்டு தடவை படித்துவிட்டு அப்பாவுக்கு அனுப்பச் சொன்னான். கன்டெய்னர் உதாரணத்தில் மூன்று பேர் வாய்விட்டுச் சிரித்தார்கள், அவர்கள் வீட்டில் டிரெய்லர் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பூனைக்கு ஆள் அனுப்பினேன், பிடிபடவில்லை.

ஆனால் அவன் விடவில்லை. "முட்டைக்குள் சாமான் வைத்தது அம்மா. அம்மா வந்த முட்டைக்குள்?" பாட்டி என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அப்போது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது, பெண் குழந்தைக்குக் கருமுட்டை செல்கள் அவள் தன் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடும், சாமான் நிரப்புவது மட்டும் பின்னாளில் முட்டை வளரும்போது. அப்படிப் பார்த்தால் அவன் எந்தச் செல்லிலிருந்து வந்தானோ அந்தச் செல் அவன் பாட்டி வயிற்றுக்குள்ளேயே, அவன் அம்மாவுக்குள் இருந்திருக்கிறது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆயா கல்மண்டபத்தில் கருவாடு விற்குது டீச்சர்" என்றான்.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. ஐந்து மதிப்பெண் கேள்வியில் இந்த லூசுப் பூட்டு, அல்லோலாக்டோஸ் எல்லாம் எழுதினால் திருத்துபவர் மதிப்பெண் போடுவாரா?

நுணுக்கி | புதன் இரவு 10.10

ரிஸ்க் வேண்டாம். படம் போட்டு பாகம் குறிக்கணும், லாக்டோஸ் இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது ஒன்று என்று இரண்டு படம், புத்தகத்தில் உள்ள வார்த்தையிலேயே. பென்சிலில் போடச் சொல்லுங்கள். லூசுப் பூட்டைக் கடைசி வரியில் வேண்டுமானால் எழுதட்டும், இடம் இருந்தால்.